பிடிக்குள் இரண்டு வயர்

ஆறு சில்லு. கதவில்லை. தொட்டி போல உடம்பு.
மாட்டுக்குத் தண்ணி வைக்கிறதுக்கு
ஆர் சில்லுப் பூட்டினது என்று
ஒட்டுசுட்டான் சந்தியில் கேட்டார்கள்.
தரையிலயும் ஓடும், குளத்திலயும் ஓடும் என்றான்
யூட் நிக்சன்.
அப்ப ஏன் ரண்டிலயும் ஓடேல்லை என்றேன் நான்.

வண்டி எனக்குப் பதினாலு வயது மூப்பு.
கண்ணிவெடி எடுக்க வந்தவர்கள் விட்டுப்போனது என்பார்கள்.
அதற்கும் முன்னம் காட்டிலாகாக்காரன் ஒருவன்
கொழும்பில் சீட்டாடி வென்றது என்பார்கள்.
நான் நம்பியது பிஸ்ரனில் கிடந்த ஓட்டையை மட்டும்.
மாதா கோயில் மெழுகுதிரியின் அடிபோல்
உருகி, வழிந்து, இறுகி.

சட்பரியில் நிக்சனின் மச்சான் றொபின்சன்.
பனியில் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றை உடைத்து
எஞ்சினை நீலப் பரலில் போட்டு அனுப்பினான்.
மூடியைத் திறந்தோம்.
சொக்லேட்டுக்கும் ஷாம்புவுக்கும் நடுவே
கழுத்துவரை சிப் இழுத்த குளிர் ஜக்கெற் ஒன்று
குந்திக்கொண்டிருந்தது.
அதற்குள் இரட்டைச் சிலிண்டர்.

பழைய துளைக்கும் புதுக் காலுக்கும்
ஒன்றரை அங்குலம் பகை.
இரும்புக்கு இங்கே பஞ்சமில்லை.
ஒரு தகட்டை எடுத்தேன். எதன் தகடு என்று
நானும் கேட்கவில்லை, நிக்சனும் சொல்லவில்லை.
வெட்டி, துளைத்து, பூட்டினேன்.
கிளச் இரண்டுக்கும் குறுக்கே நூல் பிடித்தால்
மயிரளவு கோணல்.
ஒரு வொஷரை லேத்தில் நாலுதரம் சீவினேன்.
ஐந்தாம் தரம் நூல் மூச்சுவிடாமல் நின்றது.

ஸ்ராட் பண்ணினோம். விக்கியது. கராச் முழுக்கப் புகை.
பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி.
குளிருக்குள்ள காத்து கெட்டியக்கா,
அங்க அது நிறையக் குடிச்சுப் பழகீற்று
என்று போனில் றொபின்சன்.
பின்னால் யாரோ மண்வாரியால்
கண்ணாடித்தூளை வாருவது போல ஒரு சத்தம்.
காபரேற்றரின் பித்தளைக் கண்ணை ஈயத்தால் அடைத்து,
மணிக்கூடு திருத்தும் தவயோகத்தின் ஊசித்துளைப்பானை
இரவல் வாங்கி,
சின்னதாய்த் திரும்பவும் திறந்தேன்.
வெறியனுக்கு அளந்து ஊற்றுகிற மனிசி மாதிரி.

எல்லாம் பூட்டியபின் மிஞ்சியது
கைபிடியிலிருந்து வந்த இரண்டு வயர்.
லைற்றுக்கில்லை. ஹோணுக்கில்லை.
கை சூடாக்க, என்றான்.
வெளியே முப்பத்தாறு பாகை.
நிக்சன் சிரித்துச் சிரித்து
கிறீஸ் வாளியில் இருந்துவிட்டான்.
முதல் வருசம் எனக்குக் கையுறை இருக்கேல்லை,
இரும்பில உள்ளங்கைத் தோல் ஒட்டி உரிஞ்சது, என்றான்.
நிக்சன் எழும்பி வாளியைத் துடைத்தான்.

முத்தையன்கட்டுக் குளத்தில் இறக்கினோம்.
ரயரே துடுப்பு. கரையில் நடக்கிறவன் முந்துவான்.
ஆனால் போனது.
நிக்சன் பால்மாப் பேணியால் தண்ணி இறைக்க,
நீர்க்காகம் ஒன்று செட்டை விரித்தபடி எங்களைப் பார்க்க,
நடுக்குளத்தில்
எஞ்சின் கத்துது, சில்லு நிக்குது.
பெல்ற் நனைந்து வழுக்குகிறது.
நிப்பாட்டினேன். துடைக்கத் துணியில்லை.
பேணிக்கடியில் அந்த ஜக்கெற்.
சட்பரியின் பஞ்சால் கிளச்சின் இரண்டு கன்னத்தையும்
அழுத்தித் துடைத்தேன்.
அது இந்த ஊருக்கு வந்து பார்த்த முதல் வேலை.
மூன்றாம் இழுவையில் பிடித்தது.

அக்கரையில் எருமைகள் எழும்பவில்லை.
ஒன்று மட்டும் காதைத் திருப்பி
வேறு எருமை என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த வயரை வெட்டவா என்றான் நிக்சன்
குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு.
வேண்டாமென்றேன்.
நுனிக்கு ரேப் சுற்றிப் பிடிக்குள் செருகினேன்.
மார்கழி விடியப்புறம்
குளத்துக்கு நடுவில்
இங்கேயும் கை விறைக்கும்,
கொஞ்சம்.