நான்கெல்லை

ராயக்கோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில்
என் மேசை.
இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர் நிலத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று சென்றாயனின் புஞ்சை, முப்பது சென்ட்.
கிழக்கே முனிரத்தினம் நிலம்,
மேற்கே வண்டிப்பாதை,
வடக்கே ஓடைப் புறம்போக்கு,
தெற்கே
வரைபடத்தில் மட்டும் ஓடும் அறுபதடிச் சாலை.

அந்தச் சாலையை நான் பார்த்ததில்லை.
பக்கத்தில் உழுகிற முனிரத்தினமும் பார்த்ததில்லை.
வரப்போகும் தொழிற்பேட்டைக்கென்று
யாரோ கோடு போட்டார்கள்.
பேட்டை வேறு பக்கம் போயிற்று,
கோடு இங்கேயே தங்கிவிட்டது.
அதனால் வழிகாட்டி மதிப்பு ஏழு லட்சம்.
வாங்க வந்தவர் பேசியது நான்கு.

ஒரு பர்லாங் தள்ளி தக்காளி மண்டி.
விடியலில் ஒருவன் பெட்டியைத் தட்டி விலை கூவுவான்,
இன்னொருவன் தலையசைப்பான்.
தீர்ந்தது.
கட்டாதவன் ஓசூர் வண்டியில் ஏற்றிவிடுவான்.
இந்தத் தக்காளி என்ன விலைக்குப் போயிருக்க வேண்டும் என்று
எந்தக் கோப்பும் அங்கே வந்து சொல்வதில்லை.

ஏழு லட்சத்துக்கு, நூற்றுக்கு ஒன்பது.
அறுபத்து மூவாயிரம்.
வாங்குபவர் தலையில் என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன்.
நான்கு, மூன்றரைக்கும் கீழே இறங்கியபோது
சென்றாயன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே சர்வே எண்ணில் மறுபாதியை
முன்னொரு நாள் வாய்க்காலுக்கு எடுத்தார்கள்.
அந்த இழப்பீட்டுத் தாளும் என் பெட்டியில் இருக்கிறது.
ஒரே மண்.
எடுக்கும்போது கரடு,
வரி கேட்கும்போது மனை.

எதற்கு விற்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை.
கெம்பம்மாள்தான் சொன்னாள்:
மகள் நாகவேணி தகரக் கொட்டகையில் பள்ளி நடத்துகிறாள்.
நாற்பத்தொரு பிள்ளைகள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்,
மாதம் முந்நூறு, அதுவும் தவணையில்.
தெருமுனையிலேயே இலவசப் பள்ளி இருக்கிறது,
ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்,
அதில் ஒருவர் எந்நேரமும் பயிற்சியில்.
நாகவேணிக்கு அங்கீகாரம் இல்லை.
மைதானம் இத்தனை சென்ட் வேண்டுமாம்,
பாதை இத்தனை அடி வேண்டுமாம்.
பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்றொரு கட்டம்
அந்தப் படிவத்தில் நானும் தேடிப் பார்த்தேன்.

ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் செலவிடும் காசை
அந்தப் பிள்ளையின் பையிலேயே போட்டுவிட்டால்
கால் எந்த வாசலுக்குப் போகும்?
டீ ஆறிவிட்டது.
பக்கத்து மேசை வரதப்பன் சிரித்தார்:
"பணக்காரன் பேச்சு பேசுறீங்க."
முந்நூறு கட்டுகிறவர்கள் யார் என்று
அவருக்கும் தெரியும்.

மூன்றரை மணிக்கு ரேகை வைத்து முடிந்தது.
சென்றாயன் வங்கிப் பக்கம் நடந்தார்.
கெம்பம்மாள் மகளிர் பேருந்துக்கு நின்றாள்,
காசில்லாத பேருந்து. முந்தானையில் விரலைத் துடைத்தபடி
மை போகவில்லை.
"இத்தினி நாளா ஓசியில வந்தேன்னு நெனச்சேன் சாமி.
எல்லா டிக்கெட்டையும்
இன்னிக்கு ஒண்ணா கிழிச்சுட்டாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டால்
எனக்கு மேசை எதற்கு?
எழுத்துக்கூலியை எண்ணிப் பையில் வைத்தேன்.
அடுத்தவர் வந்து உட்கார்ந்தார்.
தெற்கே என்ன என்று கேட்டேன்.