மைனஸ் ஐம்பத்திரண்டு

இந்த மாதம் மூன்றாம் முறை.
லேவார்டன் அவசரப் பிரிவு, இரவு இரண்டே கால்.
வீப்ரென் டெர்ப்ஸ்ட்ரா, எண்பத்து மூன்று,
முப்பத்தொரு வருடம் கால்வாயில்
படகுகளுக்கு மதகு திறந்தவர்.
ஒரு காலில் மட்டும் செருப்பு.

வலி பத்துக்கு எத்தனை என்றேன்.
மட்டம் மைனஸ் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் இருக்கணும், என்றார்,
ஏறிப்போச்சு, கதவைத் திற.
வாசலில் தானியங்கிக் கதவு திறந்தது,
ஒரு ஸ்ட்ரெச்சரை உள்ளே விட்டு மூடியது.
அதில்லை, என்று கோபப்பட்டார்.

முதல் தடவை ரத்தம் எடுத்தோம், தலைக்கு ஸ்கேன்.
அடுத்த தடவை தூக்க மாத்திரை.
"குழப்பம், வழக்கம்போல" என்று எழுதி அனுப்பினோம்.
கையெழுத்து என்னுடையது.

ஷவ்க்யே, மேல்கோட்டுக்கு அடியில் இரவு உடையோடு,
கட்டில் கம்பியில் அவர் கை
இல்லாத சக்கரம் ஒன்றைச் சுற்றுவதைப் பார்த்தபடி
யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:
ஐம்பத்தேழு வருஷத்தில்
தண்ணி விஷயத்தில் மட்டும்
இந்த மனுஷன் பொய் சொன்னதில்லை.

போர்வையை விலக்கினேன்.
அடிவயிறு, பாறை.
கருவி காட்டியது:
தொள்ளாயிரத்து நாற்பது மில்லி.

குழாய் போட்டதும்
பை கனக்கத் தொடங்கியது,
கை நின்றது.
கண்ணைத் திறக்காமல் கேட்டார்:
படகு போயிடுச்சா?
போயிடுச்சு, என்றேன்.
எந்தப் படகென்று எனக்குத் தெரியாது.

ஷவ்க்யே கைப்பையைத் திறந்து
மற்ற செருப்பை எடுத்தாள்.

விடியப்போகிறது.
வலி என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லி
கணினி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.
பூஜ்யத்துக்குக் கீழே
எதையும் அது வாங்காது.