சுழி

அந்தக் குளிர்காலத்தில் என் வேலை சுழி போடுவது.
சோபியாவில், டிராம் வளைந்து திரும்பும் முனையில்
ஒரு ரொட்டிக்கடை. கரும்பலகை. சாக்குக்கட்டி.
காலையில் நான் எழுதிய விலை
மதியத்துக்குள் பொய்யாகிவிடும்.
மெத்தோதி உள்ளறை ரேடியோவில் டாலரைக் கேட்டுவிட்டு
வாய் திறக்காமல் கட்டைவிரலை உயர்த்துவார்.
ஈரத்துணியால் துடைப்பேன். எழுதுவேன்.
வரிசை என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒருத்தி பர்ஸைத் திறந்து எண்ணினாள்,
மறுபடி எண்ணினாள்,
பின்னால் நின்றவரிடம்
'என் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் போனாள்.
கடை சாத்தும்வரை
அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.
ஒரு ஆள் அகலத்துக்குக் காற்று
வரிசையோடு நகர்ந்து நகர்ந்து வந்தது.

என் மாதச் சம்பளத்துக்கு
பூட்ஸில் இடதுகால் மட்டும் கிடைக்கும்.
வங்கியில் போட்டது, வங்கியோடு போயிற்று.
பிப்ரவரியில் யாரோ அலமாரியிலிருந்து
பாலாடைக்கட்டியின் விலை அட்டையைத் திருடினார்கள்.
பாலாடைக்கட்டியை அல்ல,
அட்டையை.
புதிதாக ஒன்று எழுதினேன். பழையதைவிட நீளம்.

யாவோர், என் மகன், நிலவியல் படிக்கிறவன்,
கழுத்தில் கால்பந்து நடுவரின் விசிலை மாட்டிக்கொண்டு
தினமும் மஞ்சள் கல் பாவிய தெருவுக்குப் போனான்.
'குதிக்காதவன் சிவப்பு' என்று கத்திக்கொண்டு
ஆயிரக்கணக்கில் குதித்தார்களாம்.
அது அரசியல் என்றான்.
குளிருக்கு என்றல்லவா நான் நினைத்தேன்!
முப்பதாவது நாளோ என்னவோ, நானும் போனேன்,
கையில் பை, பையில் நேற்றைய ரொட்டி.
குதித்தேன்.
முழங்கால் மட்டும் எதிர்த்து வாக்களித்தது.

நாடாளுமன்ற வாசலில் ஒரு இரவு
தலைக்கவசங்கள் வந்தபோது
கூட்டம் ஆறுபோல ஓரிடத்தில் சுழித்தது,
தொலைக்காட்சியில் பார்த்தேன்,
அந்தச் சுழிக்குள் அவன் இருக்கிறான் என்று தெரியாமல்.
விடிகாலையில் வந்தான்.
உச்சந்தலையை மழித்து எட்டுத் தையல்.
பிறந்த அன்று
நான் விரல் வைத்துப் பார்த்த சுழி அங்கேதான் இருந்தது.
'விசில் தொலைந்துவிட்டது' என்றான்,
வேறெதுவும் சொல்லவில்லை.

ஏப்ரலில் தேர்தல்.
வாக்குச்சாவடி அவன் படித்த பள்ளிக்கூடம்.
எண்களை அழகாக எழுதுகிறவள் என்று
எண்ணும் மேசையில் என்னை உட்காரவைத்தார்கள்.
கட்சிக்கு ஒரு நிறம். நீலம், சிவப்பு, ஆரஞ்சு.
பிடித்ததை உறையில் போட வேண்டும்.
மேல்மாடி ஸ்தாமென் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது கண் சிவந்திருந்தது.
எந்த நிறம் என்று கேட்கவில்லை நான்.

நள்ளிரவு. நீலம் மலைபோலக் குவிந்தது.
வெளியே கார்கள் ஹாரன் அடித்தன.
எங்கோ ஒரு பெயர்கூடத் தெரியாத கட்சிக்கு
ஒரு வாக்கும் இல்லை.
நேராக, வட்டமாக, ஒரே ஒரு சுழி போட்டேன்.
அந்த வருடத்தில் யாரையும் பட்டினி போடாத
என் முதல் சுழி.

பிறகு ஒரு உறையைக் கிழித்தேன்.
சீட்டு இல்லை.
மடித்த அட்டை.
பாலாடைக்கட்டி, கிலோ,
என் கையெழுத்து.

தலைவர் எட்டிப் பார்த்து, 'செல்லாதது' என்றார்.
செல்லாதவை என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
கை கொஞ்சம் கோணியது.

திங்கட்கிழமை கடை திறந்தோம்.
ரேடியோ பேசியது. மெத்தோதி வரவில்லை.
மதியம் ஆயிற்று, வரவில்லை.
மாலை மூன்று மணிக்கு வாசல்வரை வந்து
கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டபடி நின்றார்.
வரிசை என் முதுகைப் பார்த்தது.
பலகையில் காலை விலையே இருந்தது.

துணி காய்ந்து மொடமொடத்தது.
எதற்கும் இருக்கட்டும் என்று
குழாயடியில் போய்
நனைத்துக்கொண்டு வந்தேன்.