சேம்சைடு

வண்ணார்பேட்டையில் மூன்றாவது மாடி.
கீழே நகைக்கடன் கம்பெனி, மேலே நாங்கள்.
ராத்திரி பத்தரைக்கு
சுவீடனில் ஒருவன் விசில் ஊதினால்
என் கை விசைப்பலகைக்கு வரும்.
பாஸுக்கு ஒரு பொத்தான், ஷாட்டுக்கு ஒன்று,
பந்தைப் பறிகொடுத்தால் ஒன்று.
யார் சார் வாங்குறாங்க இந்தக் கணக்க?
தவசிமணி சாரிடம் கேட்டேன்.
"வாங்குதவன் வாங்குதான். நீ அமுக்கு."

ஆர்விட் ஹெம்லுண்ட், முன்கள ஆட்டக்காரன், எண் 40917.
என் திரைக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது.
எனக்கு இருபத்திரண்டு, பி.காமில் ஒரு அரியர்.
எங்கள் படத்தில் ஒலி கிடையாது.
கோல் அடித்து அவன் வாய் பிளந்து ஓடும்போதெல்லாம்
ஏ.சி. இரைவதுதான் கேட்கும்.

ஆனியில் அங்கே அந்தி சாய மாட்டேன் என்கும்.
குற்றாலத்துச் சாரல் இங்கே வெறும் காற்றாக வந்து
ஜன்னலை ஆட்டிக்கொண்டிருக்க
அவன் நிழல் பாதி மைதானத்துக்கு நீண்டு கிடக்கும்.
முதலில் நிழல் ஆஃப்சைடு போகும்.
பிறகு அவன்.

முதல் மூன்று வருசத்தில்
நூற்றுத் தொண்ணூறு ஆஃப்சைடு.
எதிரணிக்குப் பொத்தான் அமுக்கும்
பக்கத்து மேசை சேர்மக்கனி சொல்வாள்:
"சோறு வேகுமுன்ன எலை போட்டு உக்கார்ற ஆளுட்டி."
இருபத்தாறு கோலும் அடித்திருந்தான்,
அதை அவள் சொல்ல மாட்டாள்.

பெரிய கிளப் வாங்கியது, பெஞ்சில் உட்கார்த்தியது.
பெஞ்சுக்குப் பொத்தான் இல்லை.
அந்த இரண்டு வருசம் அவன் எனக்கு இல்லை.
அதற்குள் எனக்குக் கல்யாணமாகி
பிள்ளைக்குப் பல்லும் முளைத்துவிட்டது.

பிறகு வடக்கே ஒரு ஊருக்கு இரவல் கொடுத்தார்கள்.
பனியில் ஆரஞ்சுப் பந்து.
எழுபதாம் நிமிடம், பத்தடிக்குள் ஒருவரும் இல்லை,
திரும்பினான், இடது முட்டி திரும்பவில்லை.
ஃபவுலுக்குப் பொத்தான் உண்டு,
தானாக விழுந்ததற்கு?
ஆட்டம் நிறுத்தம் என்று அமுக்கினேன்.

பதினாலு மாதம் கழித்து வந்தான்.
அதன்பின் ஆஃப்சைடே விழவில்லை.
எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

கடைசி வருசம் ஐப்பசி, அங்கேயும் மழை.
எண்பத்து மூன்றாம் நிமிடம் அடித்தான்,
எதிரணிப் பையன் முழங்காலில் பட்டு வலைக்குள்.
"எம் பய கால்ல பட்டுத்தான போச்சு? சேம்சைடு."
"படலன்னாலும் உள்ளதான் போயிருக்கும்."
"கிழிச்சிருக்கும்."

நொடிக்கு இருபத்தைந்து படம்.
நாற்பது தடவை ஓட்டினோம்.
பன்னிரண்டில் பந்து இருக்கிறது,
பதின்மூன்றில் முட்டி மறைக்கிறது,
பதினாலில் வலை உப்பியிருக்கிறது.

டீ கிளாசோடு வந்த தவசிமணி சார்
மகளுடைய ஸ்கேலைத் திரைமேல் வைத்து
பந்து வந்த வழியைப் போஸ்ட்வரை நீட்டினார்.
"ரெண்டு மில்லி வெளிய போகுது. சேம்சைடு போடு."
டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

சேர்மக்கனி உடனே அமுக்கவில்லை.
"பாவம்ட்டி, இவனுக்கு இருவது வயசுதான்.
இதான் மொதோ மேட்ச்."
நீதானே கேட்டாய் என்று நான் சொல்லவில்லை.
இரண்டு மணிவரை
அந்தக் கோல் எங்கள் இருவர் மேசைக்கும் நடுவில்
யாருக்கும் சேராமல் கிடந்தது.
பிறகு அமுக்கினாள்.

அதன்பின் மூன்று ஆட்டம்.
கடைசியில் எண்பத்தெட்டாம் நிமிடம் இறக்கினார்கள்.
இரண்டு தொடுகை, இரண்டும் பின்பாஸ்.
விசில் ஊதியதும் குனிந்து
காலுறையை இறக்கத் தொடங்கினான்,
ஒன்றைத்தான் இறக்கியிருப்பான்,
படம் அறுந்தது.
40917: கோல் நாற்பத்து நாலு.

விடியுமுன் வேன் கொக்கிரகுளத்துப் பாலம் ஏறியது.
ஆற்றில் தண்ணீர் நிறம் இன்னும் தெரியவில்லை.
"ஏட்டி," என்றாள் சேர்மக்கனி,
"நாப்பத்தஞ்சுன்னே வச்சுக்க."
நான் தூங்குவதுபோல்
கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.