மேகம் மறைத்த இருபத்தேழு கட்டங்கள்

நேற்று மாலை பூம்பாறைக்கு மேலே
நூற்றெண்பது மீட்டரில் ஒரு மரம் நின்றது.
ஒன்றில்லை, மலை முழுக்க.
பைன், சீகை, யூகலிப்டஸ் எல்லாம்
கோபுரங்களை மிஞ்சி வளர்ந்திருந்தன.
டீ ஆறுவதற்குள் பிடிபட்டது:
தசமப்புள்ளியைச் சுமக்கச் சோம்பி
உயரத்தைப் பத்தால் பெருக்கி வைத்திருந்தார்கள்.
வகுத்தேன்.
மலை மூச்சை விட்டுத்
தன் அளவுக்குத் திரும்பியது.

வனச்சரக அலுவலகத்தின் பின்னறை.
ஜன்னலில் ஏரி இல்லை, ஜெனரேட்டர் இருக்கிறது.
முப்பது மீட்டருக்கு ஒரு கட்டம்,
கட்டத்துக்கு நான்கு எண்:
விதானம் எவ்வளவு மூடியிருக்கிறது,
எவ்வளவு உயரம்,
தரைக்கும் முதல் கிளைக்கும் என்ன இடைவெளி,
இலையும் குச்சியும் எத்தனை நெருக்கம்.
மூன்றாவதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது.
புல்லில் ஓடும் தீ
எக்கி நின்று பிடிக்கிற உயரம் அது.
வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு
மரத்தின் முழங்கால் தெரியாது.
நாடாவோடு நானே போய்
அறுபது பைனுக்கு அளந்தேன்,
இரண்டு முறை ஊசியிலையில் வழுக்கி.

கூக்கால் பக்கம் ஓர் இடம், படத்தில் வழுக்கை.
விதானம் பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் மாடல் நிம்மதியாகக் கடந்துபோகும்.
அங்கேயோ புயலில் சாய்ந்த சீகை
ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது
ஆறு வருட வெயிலைக் குடித்துவிட்டு.
நின்றால் காடு, படுத்தால் விறகு
என்று சொல்ல இந்தக் கோப்பில் இடமில்லை.
எரிபொருள் அடுக்கைத் தனியே திறந்து
அந்த நாற்பது ஏக்கரையும் கையால் வரைந்தேன்.
மணி இரண்டாகிவிட்டது.

கடைசியாக மேகம்.
படம் எடுத்த அன்று
மன்னவனூர் மேட்டில் நின்றுபோன ஒரு துண்டு.
அதற்கடியில் இருபத்தேழு கட்டங்கள்,
ஒவ்வொன்றிலும் மைனஸ் 9999.
அப்படியே விட்டால்
தீ அதன் விளிம்புவரை வந்து
கடலைக் கண்டதுபோல் செத்துவிடும்.
அக்கம்பக்கத்துச் சராசரியால் நிரப்பலாம்.
எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

தங்கமாயனுக்கு போன் போட்டேன்.
தீத்தடுப்புக் காவலர், தினக்கூலி,
அந்த மேட்டில்தான் அவர் கொட்டகை.
"மேகத்துக்குக் கீழ என்ன இருக்கு?"
"எந்த மேகம்?"
"டிசம்பர் பதினொண்ணு, காலைல."
சிரித்தார். பாதிச் சிரிப்பைக் காற்று கொண்டுபோனது.
"புல்லு மேடம். முழங்கால் ஒசரம், காஞ்ச புல்லு.
பள்ளத்துல கொஞ்சம் சோலை.
உச்சியில ஒத்தையா ஒரு காட்டுப்பூவரசு.
இப்ப பூத்திருக்கு."

புல்லுக்கு இருபது கட்டம், சோலைக்கு ஆறு.
மிச்சம் ஒன்றில் அந்த மரம்:
கட்டத்தில் மூன்று விழுக்காடு.
ஐந்துக்குக் கீழ் எல்லாம் பூஜ்யம் என்பது
நானே போன வாரம் எழுதிய விதி.
"எழுதிக்கிட்டீங்களா?"
"ம்."
"ஜனவரி கூலி இன்னும் வரலை.
அதுக்கும் ஒரு கட்டம் இருக்கா உங்க மேப்புல?"

காதில் போனை இடுக்கிக்கொண்டு
சோதனைக்கு ஒரு தீ வைத்தேன்.
மார்ச், மதியம், மேலைக்காற்று.
சிவப்பு சரிவில் ஏறி
சோலையை முகர்ந்துவிட்டு விலகி
பத்தொன்பதாவது நிமிடம் மேட்டைத் தாண்டியது.
கொட்டகைக்கு எந்த அடுக்கிலும் எண் கிடையாது.

போனை அவர் வெட்டியிருக்கவில்லை.
அந்தப் பக்கம் எதையோ
"ஏய், போ, போ அங்கிட்டு" என்று
விரட்டிக்கொண்டிருந்தார்.
காட்டுமாடாக இருக்கும்.