தைலக் கை

ஞாயிறு கடைசி பஸ்ஸுக்கு முன்
மூன்று முறை கை கழுவுகிறேன்.
முதலில் சாம்பல், அப்புறம் சோப்பு,
அப்புறம் வெந்நீர் மட்டும்.
நகக்கண்ணை முகர்ந்து பார்க்கிறேன்:
இன்னும் கேத்தி.

போஜன் தைலம் காய்ச்சுகிறவன்.
கற்பூர மரத்து இலையை அண்டாவில் அமுக்கி
வெந்த சக்கையை வெயிலில் பரப்பி
அதையே மறுநாள் அடுப்புக்குத் தருகிறவன்.
அவன் சட்டை, தலையணை, சில்லறைக் காசு,
என் கழுத்து, எல்லாம் ஒரே வாசம்.
சளி பிடித்த ஊரெல்லாம் மூக்கடியில் தடவுவதை
வாரத்தில் ஐந்து நாள்
விரோதியாகப் பார்க்க எனக்குச் சம்பளம்.

கோயம்புத்தூர் ஹேங்கரில் சிவப்பு எழுத்து:
ஆக்சிஜன் பக்கம் எண்ணெய் கூடாது,
கிரீஸ் கூடாது, கைக்குப் பூசும் க்ரீம் கூடாது.
சுத்த ஆக்சிஜன் எண்ணெயைக் கண்டால்
தீக்குச்சிக்குக் காத்திருக்காது.

போன மாதம் ஒரு சுற்றறிக்கை.
இருக்கைக்கு மேலே, முகமூடிகள் சுருண்டு கிடக்கும் பெட்டியில்
டார்ச் லைட் அளவு ஓர் உருளை.
முகமூடியை இழுத்தால் ஊசி விடுபடும், சுத்தி தட்டும்,
உள்ளே உப்பு எரிந்து மூச்சாகும்.
ஒரு லாட்டில் மட்டும்
தட்டியும் எரியவில்லையாம்.
பதினோரு விமானம். எல்லாவற்றையும் மாற்று.

கழற்றும் முன்னே பாதுகாப்பு ஊசியைச் செருகு.
முனைக்கு மூடி போடு.
எரியாது என்று காகிதம் சொன்னால் நம்பாதே;
பழுதான பொருளுக்குத் தன் பழுது தெரியாது.
எரிந்து தீர்ந்ததா, எரியக் காத்திருப்பதா,
சீட்டுக் கட்டு.
சரக்கோடு சரக்காக ஏற்றாதே.
அப்படி ஏற்றியதால் என்ன ஆனது என்று
பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள்.
அன்று மதியம் கேன்டீனில்
ஒருவரும் தட்டைத் தொடவில்லை.
புதியதன் எண்ணை நீ படி, இன்னொருவரும் படிக்கட்டும்.
கையெழுத்து கடைசியில்.

திங்கள் விடிகாலை. பதினான்காவது வரிசை.
ஏணியில் நின்று கையை உயர்த்தினேன்.
ஓவரால் கழுத்துக்குள்ளிருந்து
குப்பென்று கேத்தி.
பஸ் ஜன்னல் வழியே அவன் திணித்த ஸ்வெட்டர்.
தூக்கக் கலக்கத்தில் அதன் மேலேயே
சீருடையை மாட்டியிருக்கிறேன்.
மணிக்கட்டில் ஒரு திட்டு. தொட்டால் பிசுக்கு.

கீழே டார்ச் பிடித்திருந்த ஹபீஸ் சாருக்கு ஜலதோஷம்.
அவருக்கு ஒன்றும் தெரியாது.
இறங்காமலும் இருந்திருக்கலாம்.

இறங்கினேன்.
ஸ்வெட்டர், ஓவரால், கையுறை, ஸ்பேனர்,
தொட்டதெல்லாம் ஒதுக்கி எழுதி வைத்து
அந்த வரிசையை வேறு ஆள் முடித்தார்.
முப்பத்தைந்து நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில் 'தைலம்' என்று எழுதினேன்.
ஹபீஸ் சார் அதை அடித்து
'எண்ணெய் மாசு' என்று எழுதினார்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:
"நல்ல தைலமா? ஒரு பாட்டில் வேணும், வீட்டுக்கு."

சனிக்கிழமை போஜனிடம் சொன்னேன்.
சிரிப்பான் என்று பார்த்தால்
சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டே கேட்டான்:
"அது எவ்வளவு நேரம் மூச்சு தரும்?"
பதிமூன்று நிமிடம்.
"அப்புறம்?"
அதற்குள் பைலட் கீழே கொண்டு வந்துவிடுவார்.
"தரைக்கா?"
இல்லை, பத்தாயிரம் அடிக்கு.
அங்கே முகமூடி வேண்டாம். சும்மாவே மூச்சு விடலாம்.

மேகம் மூடிய பக்கம் திரும்பி
தொட்டபெட்டா இருக்கும் இடத்தைப் பார்த்தான்.
"அது எட்டாயிரத்து அறுநூறு."
ஆமாம்.
"அப்போ பதிமூணு நிமிஷமும்
நம்ம காத்துக்குக் கிட்ட வந்து சேரத்தான்."
நான் அப்படி யோசித்ததில்லை.
எங்கள் கையேட்டிலும் அப்படி இல்லை.

மறுநாள் என் பை கொட்டகையில் இல்லை.
மேட்டில், உருளைக்கிழங்குக் காட்டு லலிதா வீட்டில்,
பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிக் கட்டி,
காதில் நூல் கோத்து ஒரு சீட்டு:
'துவைத்தது லலிதா. நான் தொடவில்லை.'
கீழே தேதி. கடைசியில் கையெழுத்து.

சீட்டின் மூலையில்
கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்.

அதை மட்டும் அவிழ்த்து
லலிதாவிடம் கொடுத்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.