கோடு இல்லாத இடம்

எழும்பூர், மூன்றாவது மாடி.
லிஃப்ட் பழுது என்று அட்டை தொங்கிய நாள்.

தம்பிக்கு எலும்பு மஜ்ஜை தர
பெனிட்டாதான் பொருந்தினாள்.
வயது ஒன்பதரை.
அந்த அரையை அவளே சேர்த்துச் சொன்னாள்.

பாதுகாவலர் கையெழுத்துக்கு ஒரு கோடு.
காசிமேட்டிலிருந்து வந்த அப்பா
உப்பில் வெடித்த விரலால் போட்டுவிட்டார்.
சாட்சிக்கு ஒரு கோடு, எனக்கு ஒன்று.
சட்டப்படி முடிந்தது.

ஆனாலும் கேட்டேன்.
கேட்பது நல்லது என்று
பாடம் எடுத்திருக்கிறார்கள் எங்களுக்கு.
"சம்மதமா பாப்பா?"

"வேணாம்னு சொன்னா விட்ருவீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மொட்டைத் தலைத் தம்பி
மாஸ்க்கை இறக்கிப் பழிப்புக் காட்டினான்.
அப்பா தரையைப் பார்த்தார்.
நான் பேனா மூடியைத் தேடினேன்.

அவளே படிவத்தை இழுத்து
கோடு இல்லாத ஓரத்தில்
நாலுவரி நோட்டு எழுத்தில்
பெயரை எழுதினாள்,
இனிஷியலோடு.

கீழே ஆபீஸில் வாங்க மறுத்தார்கள்:
"கிறுக்கல் இருக்கு டாக்டர், வேற எழுதுங்க."

புதுத் தாளோடு மூன்று மாடி ஏறுகிறேன்.
பழையது கோட்டுப் பையில், நாலாய் மடித்து.
மறுபடி அவளைக் கேட்க வேண்டுமா,
கேட்டது போதுமா,
படிக்கட்டு முடிவதற்குள்
தெரிந்தாக வேண்டும்.